பட்டி பூசிய ரன்னிங் போர்டும் கொஞ்சம் விண்டோ டிரெஸ்ஸிங்கும்

"பழைய வண்டிதானே சார், இதுக்கு இது போதும்."

இந்த வாக்கியத்தை யாராவது சொன்னால் இனிமேல் எனக்குக் கெட்ட கோபம் வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு மாருதி 800 இருக்கிறது. 2007 மாடல். அப்பா 2017ல் சென்னையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. (அதில் நான் டியூஷனுக்குப் போய் இறங்கிய பந்தாவெல்லாம் தனிக்கதை.) போன மாதம் திண்டிவனம் போகிற வழியில், அச்சிறுபாக்கம் தாண்டிப் பின் டயர் பஞ்சர். அப்பா ஜாக்கி போட்டு ஏற்றினார், சக்கரத்தைக் கழற்றினார், கழற்றியதை வழக்கம்போலப் படுக்கவைத்து வண்டிக்கு அடியில் தள்ளினார். ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டப் போகிறார், அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். ஜாக்கி வைத்த இடத்திலேயே நிற்கிறது. வண்டி இறங்கிவிட்டது. ஜாக்கியின் தலை ரன்னிங் போர்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது.

சுமார் 650 கிலோ வண்டி, அடியில் கிடந்த அந்தப் பஞ்சர் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. அது இல்லாவிட்டால் அப்பாவின் வலது கையின் மேல் உட்கார்ந்திருக்கும். அவர் ஒன்றும் பேசவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு லாரிக்காரர் கட்டை கொடுத்து, ஜாக்கியை அச்சுக்கு அடியில் வைத்து மாட்டிக்கொடுத்தார். புண்ணியவான்.

ஊருக்கு வந்து அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். முதலில் பெயிண்ட். அதற்குக் கீழே விரல் தடிமனுக்குப் பட்டி. அதற்குக் கீழே ரிவெட் அடித்த ஒரு டப்பாத் தகரம். அதற்கும் உள்ளே, சத்தியமாகச் சொல்கிறேன், கசக்கித் திணித்த தினசரிப் பேப்பர். இரும்பு என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லை. இத்துப்போன செதில்களும் வண்டல் மண்ணும்தான். (2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வண்டி எங்கே நின்றதோ!)

இந்தத் திருப்பணி நடந்தது 2022ல். பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரம். அந்த வருஷம் ஏப்ரலில்தான் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5000 ஆகியிருந்தது. அப்பா ஒரு பட்டறையில் விட்டார், அவர்கள் 6500 ரூபாய் வாங்கிக்கொண்டு "ரன்னிங் போர்டு ரிப்பேர்" என்று பில் எழுதிக் கொடுத்தார்கள். வண்டி பளபளவென்று போனது, பாஸாகி வந்தது. யாரும் குனிந்து கீழே பார்க்கவில்லை.

நான் பி.காம். மாணவன். ஆடிட்டிங் வகுப்பில் இதற்கு ஒரு பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: விண்டோ டிரெஸ்ஸிங். உள்ளே கடன் மூழ்கடித்துக்கொண்டிருக்கும், பேலன்ஸ் ஷீட் மட்டும் மார்ச் 31 அன்று மாப்பிள்ளை மாதிரி நிற்கும். கம்பெனி அதைச் செய்தால் மோசடி என்கிறோம். பட்டறை செய்தால் "டச்சப்" என்கிறோம்.

கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பட்டையை அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். லாரிக்கு அடியில் தனியாக சேஸிஸ் உண்டு. மாருதி 800 மாதிரிக் கார்களுக்குக் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். ரன்னிங் போர்டு என்பது வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்து பெட்டி மாதிரி மூடிய ஒரு உத்தரம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வைத்திருப்பது அது. நடுத்தூண் அதன் மேல்தான் நிற்கிறது, சீட் பெல்ட்டின் கீழ்முனை அந்தத் தூணின் அடியில்தான் மாட்டியிருக்கிறது. பக்கத்திலிருந்து ஒருவன் வந்து இடித்தால் உங்களுக்கும் அவனுக்கும் நடுவே இருப்பது இதுதான். பேப்பரும் பட்டியும் இல்லை!

துரு உள்ளேயிருந்து வெளியே வரும். அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். மண் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே குடியிருக்கும். கடற்கரை ஊர் என்றால் உப்பு இலவசம். பெயிண்டில் கொப்புளம் தெரிகிறபோது உள்ளே பாதி போயிருக்கும். அந்தக் கொப்புளத்தைத் தேய்த்துப் பட்டி பூசினால், புண்ணை மூடி மேலே பவுடர் போட்ட கதை. அதற்கும் மேல் கறுப்பாக "அண்டர் கோட்டிங்" அடித்தால் ஈரம் வெளியே வரவே வராது. பணம் கொடுத்துத் துரு வளர்க்கிறோம்.

சரி, வேறு எப்படித்தான் செய்வது? இப்போது வேறொரு டிங்கர் அண்ணனிடம் விட்டிருக்கிறோம், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றினார். சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே. பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டார். கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையை வைத்துத் தற்காலிகமாகப் பத்தவைத்தார். "இல்லன்னா அறுத்ததும் பாடி தொங்கிடும் தம்பி, அப்புறம் கதவே மூடாது" என்றார். பிறகு வெள்ளி மாதிரி மின்னுகிற நல்ல தகடு வரும்வரை அறுத்தார். துருவில் பத்தவைத்தால் பிடிக்காது, ஓட்டை பெரிதாகும், அவ்வளவுதான். முதலில் உள்தகடு, பிறகு ஜாக்கி வைக்கிற இடத்துக்குத் தடித்த தகடு, கடைசியில் வெளித்தகடு. சி.ஓ.டூ. வெல்டிங், ஒரே இடத்தில் இழுக்காமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் தகடு நெளிந்துவிடுமாம். மூட்டுக்கெல்லாம் சீலர். வெல்டிங் முடிந்து ஆறிய பிறகு பெட்டிக்குள்ளே மெழுகு மாதிரி ஒன்றை அடிக்க வேண்டும். வடிகால் ஓட்டையை மட்டும் அடைக்கக் கூடாது.

"நாற்பதாயிரம் பெறாத வண்டிக்கு இவ்வளவு செலவா?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. செலவு செய்ய மனசில்லையா, எடைக்குப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதே, பட்டி பூசி ஓஎல்எக்ஸில் போட்டு இன்னொரு அப்பன் தலையில் கட்டுவது, அதைத்தான் திட்டுகிறேன். எங்கள் வண்டியும் அப்படித்தான் எங்கள் தலைக்கு வந்ததோ என்னவோ.

இங்கிலாந்தில் மூன்று வயது தாண்டிய காருக்கு வருஷா வருஷம் எம்.ஓ.டி. சோதனை. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் துரு தின்று பலம் போயிருந்தால் ஃபெயில். அங்கே பட்டியும் ஃபைபர் ஒட்டும் ரிப்பேர் கணக்கில் வராது, தொடர்ச்சியாக வெல்டிங் இருக்க வேண்டும். பனிக்காலத்தில் ரோட்டில் உப்பைத் தூவுகிற ஊர், பட்டுத் தெரிந்திருக்கிறார்கள். நமக்குக் கடலே பக்கத்தில் இருந்தும் எஃப்.சி. என்றால் பெயிண்டும் ஸ்டிக்கரும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். ரன்னிங் போர்டு நெடுக இழுத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி. விரலை மடக்கித் தட்டுங்கள், 'டங்' என்று கேட்காமல் 'தொப்' என்றால் ஓனர் முகத்தைப் பாருங்கள். :)

எங்கள் வண்டியில் இடது பக்கம்தான் முடிந்திருக்கிறது. வலது பக்கத்தை இன்னும் பிரிக்கவில்லை. அதையும் அதே பட்டறைதான், அதே 6500 ரூபாயில்தான் செய்தது. சனிக்கிழமை போகிறோம். அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.