தையல் மெஷின் தலையைக் கழற்றி மேஜை போடுறவங்களுக்கு

போன மாசம் மகனைப் பார்க்க சென்னைக்குப் போயிருந்தேன். ஒரு காபிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனான. உட்கார்ந்து காலை நீட்டினா ஏதோ தட்டுது. குனிஞ்சு பார்த்தா தையல் மெஷின் பெடல். மெஷினோட தலை இல்லை, மேல கண்ணாடிப் பலகை. "பழமையைக் காப்பாத்துறாங்கப்பா"ன்னான். எனக்குக் காபி இறங்கல. கழுத்தை அறுத்துட்டுக் காலுக்குக் கொலுசு போடுறதுக்குப் பேரா காப்பாத்துறது?

எங்க வீட்டு மெஷினையும் ஒருத்தர் கேட்டு வந்தார். "தலை வேண்டாம் அண்ணாச்சி, அதை ஆக்கர் கடையில போட்டிருங்க. காலும் மேஜையும் போதும்." நல்ல விலைதான் சொன்னார். ஆனா அது எங்க அம்மையோட மெஷின். வயல் கைவிட்ட வருஷமெல்லாம் அந்தப் பெடலை மிதிச்சுத்தான் அம்மை எங்களுக்குக் கஞ்சி ஊத்தினா. கொடுக்க மனசு வரல.

அம்மை போனபிறகு அது அரங்கில கிடந்தது. சக்கரம் அசையவே இல்லை. அஞ்சுகிராமத்துக் கடல் காத்துல துருப்பிடிச்சிருக்கும்னு நினைச்சேன். குற்றவாளி துரு இல்லை, நாங்கதான். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கோம். அது வருஷக்கணக்கில கிடந்து பிசினா இறுகிப் போச்சு. சுத்தியல் எடுத்திருந்தா வார்ப்பிரும்பு உடைஞ்சிருக்கும். மூணு நாள் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டா விட்டேன். நாலாம் நாள் சக்கரம் கால் சுத்து வந்தது. அழுக்கைத் துடைச்சு மெஷின் ஆயில் விட்டேன். தோல் பெல்ட் மட்டும் புதுசு. ஊசியும் பாபினும் பக்கத்துக் கடையிலேயே கிடைச்சது.

மேஜை முழுத் தேக்குன்னு நினைச்சிருந்தேன். மேல இருக்கிறது ஒட்டின மெல்லிய மரத்தோல். மிஷின் போட்டுத் தேய்ச்சா அதுவும் போயிரும்னு ஆசாரி கையாலேயே தேய்ச்சு, அரக்கு பாலிஷ் போட்டார். மெஷினோட தங்கப்பூ வேலைப்பாட்டில ஸ்பிரிட் படவிடாதீங்கன்னும் சொன்னார், பட்டா அழிஞ்சிருமாம்.

அடியில இருக்கிற நம்பர் 'ஒய்'ல ஆரம்பிக்குது. அப்படின்னா ஸ்காட்லாந்து கிளைட்பேங்க் சிங்கர் ஆலையில 1920, 30-கள்ல செஞ்சது. அந்த ஆலையை 1980-லேயே மூடிட்டாங்க. மெஷின் இன்னும் ஓடுது! பெரிய இயந்திரங்களை அவ்வளவு எதிர்த்த காந்தியே 1924-ல சிங்கர் தையல் மெஷினை விதிவிலக்காச் சொன்னார். மனுஷன் கையைப் பிடுங்காத, கைக்குத் துணை நிக்கிற இயந்திரம்ங்கிறதாலதான் அந்த மரியாதைன்னு நான் நினைக்கேன்.

"குப்பைக்குப் போறதுக்கு மேஜையாவது ஆகட்டுமே"ன்னு கேப்பீங்க. தலை உடைஞ்சதுன்னா சரி, தாராளமா ஆகட்டும். ஆனா சக்கரம் சுத்தலைங்கிறது சாவு இல்லை, வெறும் பிசின். அதைப் பார்க்காமலே தலையைக் கழற்றுறீங்களே, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். அரசாங்கம் கைம்பெண்களுக்கு இலவசமாத் தையல் மெஷின் கொடுக்குது. அதுக்கு மனு எழுதி வரிசையில நிக்கிறவங்க இருக்கிற நாட்டில, ஓடக்கூடிய மெஷினை அழிச்சு அதுமேல காபி கப்பை வைக்கிறது அழகா?

உங்க பாட்டி மெஷின் பரண்ல கிடக்கா? இறக்குங்க. மண்ணெண்ணெய் விடுங்க, பொறுத்திருங்க. வீட்டில இடமில்லைன்னா தைக்கத் தெரிஞ்ச ஒருத்திகிட்ட கொடுங்க, தலையோட கொடுங்க.

எங்க மெஷினில இப்ப எதிர்வீட்டுப் பிள்ளை ஜாக்கெட் தைக்கிறா. சாயங்காலம் வயல்ல இருந்து வரும்போது அந்தச் சத்தம் முற்றம் வரைக்கும் கேக்குது. காபிக் கடையில எந்த மேஜையும் அப்படிச் சத்தம் போடாது.