வெண்பட்டும் புதுநன்மை ஆடையும்



சென்ற மாதம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் மறைக்கல்வி வகுப்பு முடிந்தபின் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். ஆயர்கள் அணியும் முடியைப் போன்ற ஒன்றை, முத்தும் மணியும் பதித்து, ரிஹானா என்னும் பாடகி சூடி நிற்கும் படம் அது. "சாமி, இது நம் திருச்சபையைக் கேலி செய்வது ஆகாதா?" என்று சற்றுச் சினத்தோடு வினவினார்.

படம் புதியதன்று. 2018 மே 7-ஆம் நாள் இரவு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் ஓர் ஆடைக் கண்காட்சியின் தொடக்க விருந்து நடைபெற்றது. உடையலங்காரத்திற்கும் கத்தோலிக்கக் கற்பனைக்கும் உள்ள உறவே கண்காட்சியின் பொருள். மே 10 முதல் அக்டோபர் 8 வரை 16 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். அதற்கு முன் அக்கலைக்கூடத்தின் எந்தக் கண்காட்சிக்கும் அத்தனை பேர் வந்ததில்லை. வத்திக்கானிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் திருப்பண்ட அறையிலிருந்து ஏறத்தாழ 40 திருவுடைகளும் அணிகளும் அங்கே சென்றிருந்தன. அவை ஏனைய நாகரிக உடைகளோடு கலவாமல் தனியிடத்தில் வைக்கப்பட்டன. நியூயார்க்கின் அன்றைய பேராயர் கர்தினால் டோலன் அவர்களே அவ்விருந்துக்குச் சென்றிருந்தார். ஆகவே திருச்சபை அறியாமல் நடந்த காரியம் அன்று அது. விருந்தினர் சிலரின் உடை நம் கண்ணுக்கும் தகுதியாகப் படவில்லை என்பது வேறு.

ஆனால் நம் மனம் நின்ற இடம் வேறொன்று. அங்கே வைக்கப்பட்டவற்றுள், ஆஸ்திரியப் பேரரசி மரியா அன்னா, பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதருக்கு அளித்த திருவுடைத் தொகுதி ஒன்று. பொன்னிழையால் பூத்தையல் செய்யப்பட்ட அதனை 15 பெண்கள் 16 ஆண்டுகள் உழைத்து முடித்தனராம். இருபது வயதில் ஊசி பிடித்த பெண் முப்பத்தாறு வயதில் அதைக் கீழே வைத்திருப்பாள். நாம் வாசித்த செய்திகளில் கொடுத்தவரின் பெயர் இருந்தது, அணிந்தவரின் பெயர் இருந்தது. தைத்தவர்களோ 'பதினைவர்' என்ற எண்ணாக மட்டுமே நின்றனர்.

இதைச் சொல்லிப் பிறரைக் குறை கூறும் தகுதி நமக்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கிலேயே நடந்ததை மறைக்காமல் கூறுகிறோம்.

அவ்வாண்டு புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயாரித்தபோது, பெண் குழந்தைகள் யாவரும் வெள்ளைக் கவுனும், தலைத்துகிலும், கையுறையும் அணிந்து வரவேண்டுமெனப் பீடத்தில் நின்று அறிவித்தோம். படம் அழகாக இருக்கவேண்டும் என்ற எண்ணமே அன்றி வேறில்லை. விழாவுக்கு இரு வாரம் இருக்கையில் நன்கு செபம் சொல்லும் ஒரு சிறுமி வகுப்புக்கு வருவது நின்றது. வீடு தேடிச் சென்றோம்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் சாமி" என்றார் தாய். அவர் சொல்லி முடிக்குமுன் அச்சிறுமி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். தாய் தலைகுனிந்தார். "கவுன் தைக்கக் காசில்லை சாமி. கடன் கேட்டிருக்கிறேன். கிடைக்கலைன்னா அடுத்த வருசம் பார்க்கலாம்னு இருந்தேன்."

அத்தாய் சேலம் குகைப் பகுதியில் பிறர் தறியில் கூலிக்கு நெய்பவர். நெய்வது, புவிசார் குறியீடு பெற்ற நம் சேலம் வெண்பட்டு. காலைமுதல் மாலைவரை வெள்ளைப் பட்டு நூல் ஓடும் அவ்விரல்களால் தம் மகளுக்கு ஒரு வெள்ளை ஆடை வாங்க இயலவில்லை. ஞானஸ்நான வெண்ணுடையின் பொருளைக் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் கற்ற நாமோ, ஒரு குழந்தைக்கும் நற்கருணை நாதருக்கும் நடுவே கையுறையைத் தடையாக வைத்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறன்று அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேவிதமான பருத்தி ஆடை. துணியைப் பங்கு வாங்கும். தையல் அறிந்த தாய்மார் கோயில் மண்டபத்தில் தைப்பார்கள் என்றோம். துணியின் தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் அந்த நெசவுத் தாயே. வசதியுள்ள சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. "ஒரே ஒரு நாள்தானே சாமி, எங்கள் ஆசைக்கு" என்றார்கள். அவர்கள் ஆசையும் பாசத்தில் பிறந்ததே. ஆயினும் அன்று வரிசையில் எந்தக் குழந்தை யாருடையது என்று உடையைக் கொண்டு ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அப்போஸ்தலர் பணி ஒன்பதாம் அதிகாரத்திலும் ஓர் ஆடைக் கண்காட்சி உண்டு. யாப்பா நகரில் தபித்தா இறந்து கிடக்கிறாள். புனித இராயப்பர் மாடியறைக்கு வந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே அவள் தங்களுக்குச் செய்து கொடுத்த அங்கிகளை அவரிடம் காட்டுகிறார்கள். விளக்கொளியில்லை, விருந்தில்லை. ஆனால் அங்கே உடுத்தியவர்களின் பெயர் மறைந்து, தைத்தவளின் பெயர் நின்றுவிட்டது.

அந்த இளைஞரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறோம்: "தம்பி, நியூயார்க்கில் யார் எதைத் தலையில் சூடினார் என்பதற்கு நாம் கணக்குச் சொல்லத் தேவையில்லை. நம் கோயிலுக்கு வர உடையில்லாமல் யார் வீட்டில் இருக்கிறார் என்பதற்குக் கணக்குச் சொல்லவேண்டும்."

இவ்வாண்டும் புதுநன்மை நெருங்குகிறது. உங்கள் குழந்தைக்குத் துணி எடுக்கும் நாளில் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் நினையுங்கள். தையற்காரரின் கூலியை நாள் கடத்தாமல் கொடுங்கள். நெசவாளரிடம் பேரம் பேசுமுன் அத்துணியில் கழிந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். தபித்தாவை எழுப்பிய ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.