பெயரை வாங்கிக்கொண்டு வேலை கொடுத்த சூனியக்காரி

படம் பார்ப்பதில் நம்ம பாலிடெக்னிக் மாணவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் "கார்ட்டூன் படம்" என்று சொன்னால் மட்டும் ஹாஸ்டலே சிரிக்கும். "போடா, அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்!" என்பார்கள். நான் இங்கே எழுதப்போவது அப்படி ஒரு சின்னப் பசங்க சமாச்சாரத்தைப் பற்றித்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

படத்தின் பெயர் 'ஸ்பிரிட்டட் அவே'. 2001-இல் ஜப்பானில் வந்தது. இயக்குநர் ஹயாவோ மியாசாகி. பெரும்பாலும் கையாலேயே வரைந்த படம். 2002-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது, 2003-இல் ஆஸ்கார். ஜப்பானில் இதன் வசூலை இன்னொரு படம் முந்துவதற்கு 2020 வரை ஆனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பத்து வயதுப் பெண் பிள்ளைகளுக்காக எடுத்தேன் என்று மியாசாகியே சொல்லியிருக்கிறார்.

எங்கள் தெரு மாலை வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் லேப்டாப்பில் இதைப் போட்டுக் காட்டியபோது எனக்கு எட்டு வயசு. அம்மா அப்பா பன்றியாக மாறுகிற இடத்தில் பாதிப் பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டார்கள். "குழந்தைகளுக்குப் போய் இப்படி இருட்டுப் படத்தைக் காட்டலாமா?" என்று அந்த அண்ணனுக்குப் பெரியவர்களிடம் நல்ல டோஸ் விழுந்தது. போன செமஸ்டர் லீவில், பதினெட்டு வயசில், மறுபடியும் பார்த்தேன். காட்டலாம் என்பது மட்டுமல்ல, டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் கட்டாயம் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

கதை இதுதான். சிஹிரோ என்ற பத்து வயசுப் பெண் பெற்றோருடன் வீடு மாறிப் போகிறாள். வழி தவறி ஒரு பாழடைந்த இடத்துக்குள் நுழைகிறார்கள். ஆளில்லாத கடையில் சாப்பாடு குவிந்து கிடக்கிறது. அப்பா, காசும் கிரெடிட் கார்டும் இருக்கிறது என்ற தைரியத்தில் யாரையும் கேட்காமல் அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார். அம்மாவும் கூடவே. இருட்டுகிறபோது இரண்டு பேரும் பன்றி! அது தெய்வங்களும் ஆவிகளும் வந்து குளிக்கிற ஒரு பெரிய குளியல் விடுதி. அதன் முதலாளி யுபாபா என்ற சூனியக்காரி. வேலை செய்யாதவர்களை அவள் விலங்காக மாற்றிவிடுவாள். ஆனால் அவளுக்கும் ஒரு கட்டு உண்டு. வேலை கேட்டு வருகிறவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும், அப்படி ஒரு சத்தியம் செய்திருக்கிறாள். மிரட்டினாலும் ஆசை காட்டினாலும் "வேலை வேணும்" என்பதை விடாமல் சொல் என்று ஹாக்கு என்ற பையன் சிஹிரோவுக்குச் சொல்லித் தருகிறான்.

வேலை கிடைக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறாள். அவள் எழுதிய பெயரிலிருந்து எழுத்துகளை யுபாபா பிடுங்கி எடுத்துக்கொண்டு ஒரே ஒரு எழுத்தை விட்டுவைக்கிறாள். இனிமேல் உன் பெயர் 'சென்' என்கிறாள். ஜப்பானிய மொழியில் சென் என்றால் ஆயிரம். தோழர்களே, கவனியுங்கள்! பெயர் போய் நம்பர் வந்துவிட்டது. எட்டு வயசில் எனக்கு இது ஏதோ மந்திரம். இப்போது பார்த்தால் டோக்கன் நம்பர். சொந்தப் பெயரை மறந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்ப முடியாது என்று ஹாக்கு எச்சரிக்கிறான். அவனே பெயரை மறந்து அங்கே மாட்டிக்கொண்டவன்தான்.

இந்தக் காட்சியில் எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது. அப்பா ஒரு ரைஸ்மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவர். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியதே நான்தான். அக்கா கல்யாணத்துக்கு அப்பா மில்லில் அட்வான்ஸ் வாங்கியபோது ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. "கேட்டா தருவாங்களாப்பா?" என்றேன். "கேக்குற பழக்கம் நமக்கு இல்லையே தம்பி" என்றார். பெயரைப் பிடுங்க சூனியக்காரிதான் வரவேண்டும் என்பதில்லை.

மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விடுதியின் பாய்லர் அறை. காமாஜி என்ற கிழவருக்கு ஆறு கை. அத்தனையும் ஓயாமல் வேலை செய்கிறது. கரித்தூசிப் பூச்சிகள் ஆளுக்கொரு கரித்துண்டைச் சுமந்து அடுப்பில் போடுகின்றன. ஒரு பூச்சி பாரம் தாங்காமல் நசுங்கியதும் சிஹிரோ அந்தக் கரியைத் தூக்குகிறாள். உடனே மற்றதெல்லாம் கரியைப் போட்டுவிட்டு விழுந்த மாதிரி நடிக்கின்றன! காமாஜி அவளைக் கண்டிக்கிறார். அடுத்தவர் வேலையைப் பிடுங்காதே, வேலை போனால் இவை வெறும் தூசியாகிவிடும் என்கிறார். அதே மூச்சில், எடுத்த வேலையை முடி என்றும் சொல்கிறார். சின்ன வயசில் இது வெறும் சிரிப்புக் காட்சி. வேலை போனால் தூசி என்பதன் அர்த்தம் மில் வாசலில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் அந்த முகமில்லாதவன். கையை நீட்டினால் தங்கம் கொட்டும். விடுதியே அவன் முன்னால் கும்பிட்டு நிற்கிறது. அவனோ தங்கம் வாங்க வந்தவர்களையே விழுங்குகிறான். சிஹிரோ மட்டும் தனக்கு வேண்டாம் என்கிறாள். கடைசியில் அந்தத் தங்கம் அத்தனையும் மண். "வெளிநாட்டு வேலை, மாசம் ஒரு லட்சம், உடனே பணம் கட்டு" என்று போனில் கூப்பிடுகிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன?

சீனியர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் மடக்கினார். "டேய், இது முதலாளி சொன்னபடி கேளுன்னு சொல்லிக்கொடுக்குற படம்டா. நல்லா வேலை செஞ்சா நல்லது நடக்கும்னு காதுல பூ சுத்துறாங்க" என்றார். யோசிக்க வேண்டிய கேள்விதான். சிஹிரோ உழைக்கிறாள், உண்மை. ஆனால் அவளை விடுவித்தது உழைப்பு மட்டுமில்லை. கடைசிச் சோதனையில் யுபாபா பன்றிகளை வரிசையாக நிறுத்தி, இதில் உன் பெற்றோர் யார் என்கிறாள். இதில் யாருமே இல்லை என்கிறாள் சிஹிரோ. கொடுத்த பட்டியலுக்குள்ளேதான் பதில் இருக்க வேண்டும் என்று அவள் நம்பவில்லை. ஒப்பந்தம் அங்கேயே அழிந்துபோகிறது.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. அவள் பெற்றோரோடு போய்விடுகிறாள். அவளுக்கு வேலை பழக்கிய லின் அக்கா என்ன ஆனாள்? ஒருநாள் ரயில் ஏறி இங்கிருந்து போய்விடுவேன் என்று ராத்திரியில் சொன்னவள் அவள். படம் முடியும்போது விடுதி அப்படியே நிற்கிறது, லின் அங்கேயே இருக்கிறாள். ஒருத்தி தப்பித்தால் கதை முடிந்துவிடுகிறது, ஊர் முடிவதில்லை. நான் டிப்ளமோ முடித்துச் சட்டை கசங்காத வேலைக்குப் போய்விட்டால், அப்பாவோடு உமி தள்ளுகிறவர்கள் கதை முடிந்துவிடுமா? சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிற நாம்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நாளைக்கு நமக்கும் தாள் நீட்டுவார்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சிக்குச் சேருகிறவர் 'தொழிலாளி' அல்ல, பயிற்சியாளர். இந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு மாறிப்போகிறது என்பது கையெழுத்துப் போட்ட எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே படித்துப் பார்த்துப் போடுங்கள். புரியாததைக் கேளுங்கள். ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற பழக்கம் நம்மிடமிருந்தாவது ஆரம்பிக்கட்டும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கேம்பஸ் இன்டர்வியூ தொடங்குமுன் செமினார் ஹாலில் இந்தப் படத்தை ஒருநாள் போடுங்கள். இரண்டு மணி ஐந்து நிமிஷம்தான். சின்னப் பசங்க படம் என்று சிரிக்கிறவர்களை முன் வரிசையில் உட்கார வையுங்கள்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு