பேட்டரி மேலயும் தப்பில்ல, அம்மா மேலயும் தப்பில்ல!

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம். (வழக்கமான சாக்குதான், ஹி ஹி.)

விஷயத்துக்கு வர்றேன். அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. அவங்க ஸ்மார்ட்போன் காலையில ஃபுல் சார்ஜ்ல இருக்கும், மத்தியானம் மூணு மணிக்கு செத்துடும். ஒரு நாள் சாயங்காலம் ஏழு தடவை கூப்பிட்டும் ஸ்விட்ச் ஆஃப். பயந்துபோய் பக்கத்து வீட்டு மாமாவை ஓடிப் பார்க்கச் சொன்னேன். அம்மா சாவகாசமா அரிசியில கல் பொறுக்கிட்டு இருந்திருக்காங்க.

வந்த கோபத்துல கத்திட்டேன். "நாள் பூரா வீடியோ பார்த்தா சார்ஜ் எப்படி நிக்கும்?" "நான் எதையும் தொடலடா"ன்னாங்க. நம்பல.

கடைக்காரர் பார்த்த உடனே பேட்டரி போச்சுன்னார். 1,800 ரூபாய் கொடுத்து மாத்தினோம். மறுநாளும் மூணு மணிக்கு டமால்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போதான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. தீபாவளிக்கு அம்மா சென்னை வந்திருந்தப்போ இதே போன் பழைய பேட்டரியோட ராத்திரி வரைக்கும் நின்னுதே! அப்போ கோளாறு போன்ல இல்ல, வீட்டுலதான்.

முதல் ராத்திரி ஏரோப்ளேன் மோட்ல போட்டு, வழக்கமா இருக்கற சாமி ரூம் அலமாரியில வச்சேன். 100ல இருந்து 98. பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. ரெண்டாம் ராத்திரி அதே அலமாரி, சிம் ஆன், டேட்டா மட்டும் ஆஃப். காலையில 71! மூணாம் ராத்திரி எல்லாம் அப்படியே, இடம் மட்டும் ஜன்னலோரம். 95.

சிக்னல்தாங்க வில்லன். பழைய வீடு, தடிச்ச சுவர். டவர் சரியா எட்டலன்னா போன் சும்மா இருக்காது. திரும்பத் திரும்பத் தேடும், 5ஜிக்கும் 4ஜிக்கும் நடுவுல தாவும், எட்டாத டவருக்குக் கேக்கணும்னு அதிக பவர்ல கத்தும். நாம தொடாமலே சார்ஜ் கரையும். செட்டிங்ஸ்ல 4ஜியோட நிறுத்தி, ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் போட்டேன். இப்போ ராத்திரி படுக்கும்போதும் 40 சதவீதம் மிச்சம்.

உங்க போன்லயும் இப்படி ஆச்சுன்னா, முதல்ல செட்டிங்ஸ்ல பேட்டரி பக்கத்தைப் பாருங்க. ஏதாவது ஒரு ஆப் மேல சந்தேகம் வந்தா ஸேஃப் மோட்ல ஒரு நாள் ஓட்டுங்க. நீங்க போட்ட ஆப் எதுவும் அதுல ஓடாது. அப்புறம் ஏரோப்ளேன் மோட் சோதனை. ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க. ஆப்களை ஒண்ணொண்ணா தள்ளி மூடறதால பெரிய லாபம் இல்ல. 2015ல வந்த ஆண்ட்ராய்டு 6லயே சும்மா கிடக்கற போனைத் தூங்க வைக்கற 'டோஸ்' வசதி வந்தாச்சு.

என் ஆதங்கம் வேற. சிக்னல் தேடியே சார்ஜ் போகுதுன்னு போனுக்குத் தெரியும். அதை ஏன் "இங்க சிக்னல் கம்மி, இடத்தை மாத்துங்க"ன்னு தமிழ்ல ஒரு வரியா சொல்லக்கூடாது? சொல்ல வைக்க முடியும். பேட்டரி பழசான ஐபோன்களோட வேகத்தைக் குறைச்சதை ஆப்பிள் 2017 டிசம்பர்ல ஒத்துக்கிச்சு. ஜனங்க சத்தம் போட்ட பிறகு, 2018ல ஐஓஎஸ் 11.3ல பேட்டரி நிலவரத்தைக் காட்டற பக்கம் வந்துச்சு. கேட்டாத்தான் கிடைக்குது.

அதுவரைக்கும் நாம என்ன பண்றோம்? வீட்டுல வயசானவங்க கையில எது கெட்டாலும், அவங்கதான் கெடுத்தாங்கன்னு முடிவு பண்ணிடறோம். சோதிச்சுப் பார்க்க மூணு ராத்திரி போதும். நான் கத்தினது மூணு மாசம்.

அம்மாகிட்ட சாரி சொன்னேன். "போடா, முதல்ல சாப்பிடு"ன்னுட்டாங்க.

டிஸ்கி: பேட்டரி உப்பி பின்மூடி தூக்கிட்டு நின்னா இந்தச் சோதனை எதுவும் வேணாம். சார்ஜ் போடாம நேரா கடைக்குக் கொண்டு போங்க.