நாவையும் கழுவுங்கள்

'அதட்டினால்தான் பிள்ளை பெறுவாள்' என்றொரு சாஸ்திரம் நம்முடைய பிரசவ வார்டுகளில் வழங்கி வருகிறது. எந்தப் புஸ்தகத்திலும் இல்லாத சாஸ்திரம். நோயாளியிடம் பேசும் விதத்தை 2019 முதல் மருத்துவக் கல்லூரிகளில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் வகுப்பில் படித்ததை வார்டு மறக்கடித்துவிடுகிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் துடிப்பவளின் பக்கத்தில் நிற்பவர் யார்? பெரிய டாக்டர் அல்ல. ஹவுஸ் சர்ஜன், அல்லது மேற்படிப்புப் படிக்கும் பயிற்சி டாக்டர். அந்தப் பெண்ணுக்கு அவர்தான் ஆஸ்பத்திரி; அவர்தான் அரசாங்கம். "அப்போ இனிச்சுது, இப்போ ஏன் கத்தறே?" என்று அவர் கேட்டால், அவள் எந்த மேலதிகாரியிடம் போய் முறையிடுவாள்?

1847-ல் வியன்னாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்களின் வார்டில் பிரசவ ஜுரம் கண்டு செத்தவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். 'அந்த வார்டு வேண்டாம்' என்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். பேராசிரியரின் உதவியாளராக இருந்த செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள்! குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரல் மாதம் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆயிற்று.

அந்தப் பெண்களின் கெஞ்சல் வெறும் புலம்பல் அல்ல. அதில் உண்மை இருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் பிள்ளை பிறந்ததோடு ஆபத்து நீங்கிவிடுவதில்லை. உயிரைக் குடிக்கும் உதிரப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேதான் வருகிறது. 'உதிரம் அதிகமாகப் போகிறது' என்று முதலில் உணர்கிறவள் தாய்தான். ஒரு மணி நேரத்துக்கு முன் வசை வாங்கியவள், அதைச் சொல்ல வாய் திறப்பாளா? ஆகவே, அதட்டல் வெறும் மரியாதைக் குறைவு அல்ல, ஐயா. அது வைத்தியப் பிழை.

'கூட்டம் அதிகம், ஆள் குறைவு' என்பார்கள். வாஸ்தவம். தூக்கம் கெட்டு நிற்கும் பயிற்சி டாக்டரை மேலே இருப்பவர் அதட்டுகிறார். அந்த அதட்டல் படிப்படியாக இறங்கிக் கட்டிலில் கிடப்பவள் தலையில் விழுகிறது. அவருக்கு ஓய்வு கொடுங்கள் என்று நானும் கேட்கிறேன். ஆனால் திரையை இழுத்துவிட எத்தனை நிமிஷம் ஆகும்? "இப்போ பரிசோதிக்கப் போறேன், அம்மா" என்று சொல்ல எத்தனை ஆள் வேண்டும்? பிரசவ அறையில் ஒரு துணை இருக்கலாம் என்று மத்திய அரசு 2016-லேயே சொல்லிவிட்டது. துணையோடு இருப்பவளுக்கு வலி நேரமும் சிசேரியனும் குறைகின்றன என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பிறகு ஏன் தாயையும் மாமியாரையும் வாசலிலே நிறுத்துகிறீர்கள்?

பேராசிரியர்களே! தையல் போடும் கைக்கு மார்க் கொடுக்கிறீர்கள். வார்டில் பேசும் நாவுக்கும் கொடுங்கள். மார்க் கொடுக்குமுன், அந்தக் கட்டிலில் கிடப்பவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.