வீடு மாறும்போது வீட்டிலுள்ள துப்பாக்கிகளை என்ன செய்வது? லாரி புக் செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தாத்தா காலத்து வீட்டை விற்றாகிவிட்டது. அப்பா, அம்மாவை உங்களோடு புனேவுக்கோ பெங்களூருவுக்கோ அழைத்துப் போகப் போகிறீர்கள். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆள் வந்து பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் எண்ணி எழுதிக்கொண்டிருக்கிறார். அப்போது அப்பா மெதுவாகச் சொல்கிறார்: "அந்த உள் ரூம் பீரோவுல தாத்தாவோட துப்பாக்கிங்க இருக்குப்பா."

ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி, ஒரு ரிவால்வர், ஒரு பழைய .22 ரைஃபிள், சுவரில் அலங்காரமாகத் தொங்கும் ஒரு நாட்டுத் துப்பாக்கி, பிஸ்கட் டின்னில் கொஞ்சம் தோட்டா. எஸ்டேட், தோட்டம், ராணுவம், பழைய ஜமீன் என்று ஏதோ ஒரு பின்னணி உள்ள குடும்பங்களில் இது அதிசயமான காட்சி இல்லை. இதைப் போர்வையில் சுற்றி லாரியில் ஏற்றிவிடலாமா?

கூடாது. பாதுகாப்புக் காரணம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தியச் சட்டப்படி அது சிறைக்குப் போகக்கூடிய குற்றம்.

முதல் கேள்வி: இத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாமா?

எப்படிக் கொண்டுபோவது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. 1983-ல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆயுதச் சட்டத் திருத்தம் அதை 2 ஆகக் குறைத்தது. மசோதா முதலில் வந்தபோது 1 என்றுதான் இருந்தது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 2 ஆனது.

அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் விருப்பமான இரண்டை வைத்துக்கொண்டு, மீதியை ஓராண்டுக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றது சட்டம். அந்த ஓராண்டு 2020 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. 'பரம்பரைச் சொத்து' என்ற வாதமும் இங்கே எடுபடாது. வாரிசு அடிப்படையில் உரிமம் கொடுக்கும்போதும் இரண்டு என்ற வரம்பைத் தாண்டக் கூடாது என்று திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆக, பீரோவில் மூன்றாவதாக இருக்கும் துப்பாக்கியை நீங்கள் 'இடம் மாற்ற' முடியாது. அது ஏற்கெனவே அங்கே இருக்கக் கூடாத பொருள். அதைக் காரில் ஏற்றிக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டினால் ஒரு பழைய அசட்டை புதிய வழக்காக மாறும். உரிமமில்லாத துப்பாக்கிக்கு இப்போது குறைந்தபட்சம் 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. 2019-க்கு முன் இது 1 முதல் 3 ஆண்டுகளாக இருந்தது.

'அப்போ பெரிய கலெக்‌ஷன் வைத்திருப்பவர்கள்?'

சில விலக்குகள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கு, அவர்களின் தகுதியையும் போட்டிப் பிரிவுகளையும் பொறுத்து கூடுதல் ஆயுதங்களை மத்திய உள்துறை அமைச்சகம் அனுமதிக்கிறது. 2020 பிப்ரவரி அறிவிப்பின்படி சர்வதேசப் பதக்கம் வென்றவர்கள் உள்ளிட்டோர் 12 வரை வைத்திருக்கலாம்.

குடகு மாவட்டத்தின் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமமே தேவையில்லை. பிரிட்டிஷ் காலத்திலிருந்து தொடரும் விலக்கு அது. 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வேலைக்காக பெங்களூருவுக்குக் குடிபெயரும் கொடவர் கவனிக்க வேண்டிய வரி அதற்குள் இருக்கிறது. மாவட்டத்துக்கு வெளியே வசிக்கும்போதோ பயணிக்கும்போதோ ஒரு ரைஃபிள், ஒரு சாதாரணக் குழல் துப்பாக்கி, அவற்றுக்கு வரையறுத்த அளவு தோட்டா, அவ்வளவுதான்.

சுவரில் தொங்கும் பழைய துப்பாக்கி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழம்பொருள் வகையிலான சிறு ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்று அதே 2020 அறிவிப்பில் உள்துறை அமைச்சகம் சொன்னது. செய்தியைப் படித்த பலர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வரி என்ன தெரியுமா? அவற்றைப் பயன்படுத்தவோ, எடுத்துச் செல்லவோ, இடம் மாற்றவோ உரிய உரிமம் வேண்டும். சுவரில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை, ஆணியிலிருந்து கழற்றி லாரியில் வைத்தால் பிரச்சினை.

பழுது பார்த்தாலும் சுட முடியாத அளவுக்குச் செயலிழந்த பழைய ஆயுதங்களுக்கு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு முழு விலக்கு தருகிறது. ஆனால் 'இது சுடாது' என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். உரிமம் வழங்கும் அதிகாரியிடமிருந்து எழுத்தில் வாங்கி, அந்தக் கடிதத்தைத் துப்பாக்கியோடு வைத்திருங்கள்.

அலமாரியில் இருப்பது ஏர்கன் என்றால்? .177 குழல், 20 ஜூலுக்கு மேற்படாத விசை என்றால் உரிமம் தேவையில்லை. வாங்கிய பில்லைத் தொலைக்காமல் வைத்திருந்தால் வழியில் நிறுத்திக் கேட்கும்போது பேச்சு சீக்கிரம் முடியும்.

உரிமத்தில் முதலில் பார்க்க வேண்டிய நான்கு விஷயங்கள்

இரண்டு துப்பாக்கிதான், இரண்டுக்கும் உரிமம் இருக்கிறது. நல்லது. இப்போது அந்த லைசென்ஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

ஒன்று, செல்லுபடியாகும் பகுதி. ஒரு மாவட்டமா, மாநிலம் முழுவதுமா, இந்தியா முழுவதுமா? தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தோடு மகாராஷ்டிராவுக்குத் துப்பாக்கி கொண்டுபோக முடியாது. பகுதியை விரிவாக்கக் கேட்டு விண்ணப்பித்து, அது கைக்கு வந்த பிறகுதான் பயணம். பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கிய உரிமம் என்றால் இன்னும் சிக்கல். அது குறிப்பிட்ட நிலத்தோடு கட்டப்பட்டது. தோட்டத்தை விற்றுவிட்டால் உரிமத்தின் காரணமே போய்விடுகிறது.

இரண்டு, காலாவதி தேதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. அதற்கு முன் 3 ஆண்டுகள்.

மூன்று, தனி அடையாள எண். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டு இந்த எண் கிடைத்த உரிமம்தான் செல்லும். பழைய கையெழுத்துப் புத்தகம் மட்டும் கையில் இருந்தால் முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

நான்கு, தோட்டாக்களின் எண்ணிக்கை. எத்தனை வைத்திருக்கலாம் என்று உரிமத்திலேயே இருக்கும். பிஸ்கட் டின்னை எண்ணிப் பாருங்கள்.

யார் கையில் போக வேண்டும்?

உரிமம் தனிநபருக்கானது. குடும்பத்துக்கானது இல்லை, வீட்டுக்கானதும் இல்லை. அப்பா பெயரில் உள்ள துப்பாக்கியை நீங்கள் தனியாகக் காரில் எடுத்துக்கொண்டு போனால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் உரிமமில்லாத ஆள்.

உரிமதாரரின் முன்னிலையிலோ அவரது எழுத்துபூர்வ அனுமதியோடோ இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று 3-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் பழுதுபார்ப்பு, உரிமப் புதுப்பிப்பு, உரிமதாரரின் பயன்பாடு ஆகிய மூன்று காரணங்களுக்கு மட்டும்தான். 'வீடு மாற்றம்' அந்தப் பட்டியலில் இல்லை. பேக்கர்ஸ் ஆளிடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லாரி பிடிபட்டால் ஓட்டுநரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள்.

இங்கேதான் பல குடும்பங்கள் திணறுகின்றன. அப்பாவுக்கு 78 வயது, 15 மணி நேரக் கார் பயணம் அவரால் முடியாது. அப்போது என்ன வழி? ஆயுத விதிகள் 2016-ல் ஒரு வழி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். காவல் துறை விசாரணை, பயிற்சிச் சான்று என்று நேரம் பிடிக்கும். அதனால் வீடு மாறும் முடிவு எடுத்தவுடனே தொடங்குங்கள்.

உரிமதாரர் காலமாகிவிட்டார் என்றால் துப்பாக்கி வீட்டில் இருப்பதே கூடாது. தாமதமின்றி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு வாரிசு விண்ணப்பம். 'காரியம் எல்லாம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வருடக்கணக்கில் விட்ட துப்பாக்கிகள்தான் வீடு விற்கும் நாளில் வெளியே வருகின்றன.

பயண நாளன்று

துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. பல வருடம் திறக்காத ஆயுதம் என்றால் நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டாம். உரிமம் பெற்ற வியாபாரியிடம் காட்டுங்கள், அவரே பார்த்துச் சொல்வார். துப்பாக்கி ஒரு பூட்டிய பெட்டியில், தோட்டா வேறொரு பூட்டிய பெட்டியில். பொது இடத்தில் எடுத்துச் செல்லும்போது ஆயுதம் முழுவதும் மூடப்பட்டு, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். எனவே சாப்பிடப் போகும்போது காரிலேயே விட்டுவிட்டுப் போவது, ஓட்டல் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுச் சுற்றிப் பார்க்கப் போவது எல்லாம் வேண்டாம். அசல் உரிமம் கையில் இருக்க வேண்டும், செல்போனில் உள்ள படம் போதாது.

விமானம் என்றால் கேபினுக்குள் அனுமதியே இல்லை. முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் பேசி, கவுன்ட்டரில் அறிவித்து, செக்-இன் பையில்தான் போக வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்க விதிப்படி தோட்டா ஒரு பயணிக்கு மொத்த எடை 5 கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் ஒதுக்கீட்டை ஒரே பொதியாகச் சேர்க்கவும் கூடாது.

துப்பாக்கியே இல்லாதவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று: பழைய பைகள். அப்பாவின் பழைய தோள்பையை எடுத்துக்கொண்டு விமான நிலையம் போய், ஸ்கேனரில் ஒற்றைத் தோட்டா தெரிந்து, எஃப்.ஐ.ஆர் வரை போனவர்கள் நிறையப் பேர். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதன் அடிப்படையில் தில்லி உயர் நீதிமன்றம் இத்தகைய பல வழக்குகளை ரத்தும் செய்திருக்கிறது. ஆனால் அந்த ரத்து உத்தரவு வரும்வரை பாஸ்போர்ட், விசா, வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் தொங்கும். வீடு காலி செய்யும்போது ஒவ்வொரு பையின் ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து பாருங்கள். தோட்டா கிடைத்தால் குப்பையில் போடாதீர்கள். காவல் நிலையத்தில் தகவல் சொல்லி ஒப்படையுங்கள்.

இன்னொன்று, தேர்தல் தேதியைப் பாருங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வதும், எடுத்துச் செல்லத் தடை விதிப்பதும் வழக்கம். நீங்கள் கிளம்பும் ஊர், சேரும் ஊர் மட்டுமில்லை, நடுவில் கடக்கும் மாநிலங்களிலும் நிலவரம் என்ன என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

புதிய ஊருக்குப் போன 30 நாளுக்குள் பழைய உரிம அதிகாரி, புதிய ஊரின் உரிம அதிகாரி இருவருக்கும் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியர், பெருநகரங்களில் காவல் ஆணையர். கேட்டால் உரிமத்தையும் ஆயுதத்தையும் நேரில் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் அது உரிம நிபந்தனை மீறல். 6 மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். புதிய வீட்டில் பூட்டு வசதியுள்ள பாதுகாப்பான இடமும் தயாராக இருக்க வேண்டும்.

சட்டம் எங்கே இடறுகிறது?

இந்த விதிகளின் நோக்கம் புரிகிறது. ஒவ்வொரு துப்பாக்கியும் யாரிடம், எங்கே இருக்கிறது என்று அரசுக்குத் தெரிய வேண்டும். நியாயம்தான். ஆனால் இந்த அமைப்பு ஒரே வீட்டில் பிறந்து, வாழ்ந்து, அங்கேயே கண்மூடும் மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டது. உரிமம் 5 ஆண்டுக்கு, உங்கள் வாடகை ஒப்பந்தமோ 11 மாதத்துக்கு. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் இரண்டு அலுவலகங்கள், சில சமயம் இரண்டு மாநிலங்கள். தரவுத்தளம் தேசிய அளவில் இருந்தாலும், விசாரணை பழையபடி காவல் நிலைய அளவில்தான் நடக்கிறது.

2019 விவாதத்தின்போது எழுந்த கேள்வியும் இன்னும் அப்படியே இருக்கிறது. நாட்டில் பறிமுதலாகும் துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை உரிமமே இல்லாத கள்ளத் துப்பாக்கிகள். அப்படியிருக்க, கணக்கில் இருப்பவரின் மேல் மட்டும் பாரம் ஏறுகிறதே என்றார்கள் எதிர்த்தவர்கள். அதற்குப் பதிலும் உண்டு: கவனிப்பாரின்றி பீரோவில் கிடக்கும் தாத்தா துப்பாக்கி திருடுபோகும் அன்றே அதுவும் கள்ளத் துப்பாக்கிதான்.

அப்போ என்னதான் செய்வது?

நடைமுறையில் சிக்கல் குறைந்த வழி இது. வீடு காலி செய்வதற்கு முன்பே துப்பாக்கிகளை உரிமம் பெற்ற வியாபாரியின் பாதுகாப்பில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். சாமான்களோடு நிம்மதியாக வீடு மாறுங்கள். புதிய முகவரிச் சான்று கைக்கு வந்து, உரிமத்தின் பகுதி விரிவாக்கமும் முடிந்த பிறகு, உரிமதாரர் ஒரு முறை வந்து அதை மட்டும் எடுத்துப் போகட்டும்.

அதற்கு முன், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பேசிவிடுங்கள்: இது நமக்கு வேண்டுமா? அடுக்குமாடிக் குடியிருப்பில், சின்னக் குழந்தை ஓடி விளையாடும் இரண்டு படுக்கையறை வீட்டில் ஒரு ரிவால்வருக்கு என்ன வேலை? விற்பது என்றால் மாவட்ட நீதிபதிக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் காத்திருந்து, உரிமம் உள்ளவருக்கு மட்டுமே விற்க முடியும். யாரும் வாங்கவில்லை என்றால் காவல் துறையிடம் ஒப்படைத்துவிடலாம். அப்பாவுக்கு மனசு கொஞ்சம் வலிக்கும். தாத்தா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் போட்டோவைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுப் புது வீட்டு ஹாலில் மாட்டிவிடுங்கள். அதற்கு எந்த ஆட்சியரின் கையெழுத்தும் வேண்டாம்.