பிடிக்கிறதோ, விடுறதோ? ஒஃப்ஜெம் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

ஒஃப்ஜெம் பிரதம நிறைவேற்று அதிகாரி அவர்களுக்கு,



பிரித்தானியாவின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான உங்கள் அலுவலகம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு மின்சார, எரிவாயு விலை உச்சவரம்பை ஓர் எண்ணாக அறிவிக்கிறது. அன்றைக்கே அது தொலைக்காட்சியில் வந்துவிடும். மறுநாள் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் மரக்கறி வாங்குகிறவர்கள் வாயிலும் இருக்கும். 2025 ஒக்ரோபரில் அந்த எண் ஆண்டுக்கு 1,755 பவுண். 2026 ஜனவரிக்கு 1,758. மூன்று பவுண்தானே, பெரிதாக ஒன்றும் ஏறவில்லை என்று எல்லோரும் ஆறுதலாகிவிட்டார்கள். ஆறுதல்படக் காரணமே இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள்.

ஏனென்றால், சராசரியாக மின்சாரம் ஓர் அலகு 26.35 பென்ஸிலிருந்து 27.69 பென்ஸுக்கு ஏறியது. எரிவாயு 6.29 இலிருந்து 5.93 க்கு இறங்கியது. நாளாந்த நிலைக்கட்டணம் இரண்டிலும் ஏறியது. ஆண்டுக்கு 2,700 அலகு மின்சாரமும் 11,500 அலகு எரிவாயுவும் பாவிக்கிற ஒரு வீட்டை வைத்து நீங்கள் கணக்குப் போட்டிருந்தீர்கள். அந்த வீட்டில் மின்சாரத்தில் போனது எரிவாயுவில் திரும்பி வந்துவிட்டது. எரிவாயு இணைப்பே இல்லாத மாடிவீட்டுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. ஆண்டுக்கு 4,000 அலகு எரிக்கிற வீடு என்றால், அந்த ஜனவரி விலை வருஷம் முழுக்க என்று வைத்தால் 57 பவுணுக்கு மேல் கூடுதல். செய்தியில் கேட்டதோ மூன்று பவுண்.

எங்கள் கட்டடத்தில் இரண்டு கதவு தள்ளி ஓர் அன்ரி இருக்கிறார். தனி ஆள், ஓய்வூதியக்காரர். சமையல், சுடுதண்ணீர், சுவர் ஹீற்றர் எல்லாமே கரண்டில்தான். அவருக்கு மின்சாரம் விற்கிற கம்பனி (பெயர் வேண்டாம்) பன்னிரண்டு மாத ஃபிக்ஸ் (விலையை மாற்றாமல் நிறுத்திவைக்கும் ஒப்பந்தம்) ஒன்றைக் காட்டிக் கடிதம் போட்டிருந்தது. கொண்டுவந்து நீட்டினார்.

"தம்பி, டிவியில 1,758 எண்டாங்கள். இவங்கள் அதவிடக் குறையத்தான் போட்டிருக்கிறாங்கள். பிடிக்கிறதோ, விடுறதோ?"

குறையாமல் என்ன செய்யும்? கடிதத்தில் இருந்தது அவருடைய மின்சாரக் கணக்கு மட்டும். டிவியில் சொன்னது மின்சாரமும் எரிவாயுவும் சேர்ந்த, இன்னொரு வீட்டுக் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஆனால் அன்ரியிடம் ஒப்பிட்டுப் பார்க்க வேறு எண் எதுவும் இல்லை. நாட்டில் பலரிடமும் இல்லை. ஒப்பிடவேண்டிய இரண்டு எண்களும் கடிதத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தன. அலகு விலை எங்கள் வட்டார உச்சவரம்பைவிடக் கொஞ்சம் குறைவு, நிலைக்கட்டணம் கூட, இடையில் விட்டுப்போனால் 50 பவுண் அறவீடு. கோடையில் அன்ரி இரண்டு மாதம் மகளிடம் கனடா போய்விடுவார். ஒரு பல்பும் எரியாத அந்த வீட்டுக்கு, உங்கள் ஜனவரிச் சராசரி விலையில் பார்த்தாலே, நிலைக்கட்டணம் மட்டும் 33 பவுண் அளவில் ஓடும். இதையெல்லாம் கூட்டிக் கழித்துச் சொல்ல ஒரு பின்னேரம் பிடித்தது.

உச்சவரம்பு மொத்த பில்லுக்கு அல்ல, அலகு விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான் என்பதை உங்கள் இணையத்தளம் சொல்லுகிறது. ஃபிக்ஸும் அப்படித்தான்: விலை நிற்கும், பாவனை கூடினால் பில் கூடும். சனம் இரண்டையும் வேறு மாதிரித்தான் விளங்கிவைத்திருக்கிறது. பெரிய எழுத்தில் போவது ஆண்டுத் தொகை என்றால் வேறெப்படி விளங்கும்?

ஃபிக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பயப்படுகிறவர்களையும் எனக்குத் தெரியும். 2021 இல் மலிவாக ஃபிக்ஸ் எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்று இருந்தோம். மொத்த விற்பனைச் சந்தையில் எரிவாயு விலை எகிற, அந்த வருஷ நடுப்பகுதிக்குப் பிறகு ஏறத்தாழ முப்பது கம்பனிகள் விழுந்தன. வாடிக்கையாளரை நீங்கள் வேறு கம்பனிகளிடம் ஒப்படைத்தீர்கள். மலிவு விலை பழைய கம்பனியோடு போயிற்று. அந்த வீழ்ச்சிகளின் செலவு நம் எல்லாருடைய நிலைக்கட்டணத்திலும் ஏறியது. நாளுக்கு 25 பென்ஸ் அளவில் இருந்த மின்சார நிலைக்கட்டணம் 2022 ஏப்ரலில் 45 பென்ஸ் அளவுக்குப் போனதில் அதற்கும் பங்குண்டு. அந்தக் கம்பனிகளுக்கு அனுமதி கொடுத்தது உங்கள் அலுவலகம் என்பதை நாங்கள் மறக்கவில்லை. அடுத்தது 2022 ஓகஸ்ட். ஒக்ரோபருக்கு 3,549 பவுண் என்று நீங்கள் அறிவித்ததும் பலர் பயத்தில் கிடைத்த விலைக்கு ஃபிக்ஸ் செய்தார்கள். செப்ரெம்பர் 8 ஆம் திகதி அரசாங்கம் வந்து, சராசரி வீட்டுக்கு 2,500 போதும் என்றது. முந்தியவர்களும் முழித்தார்கள், பிந்தியவர்களும் முழித்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒவ்வோர் அறிவிப்பிலும் ஒரு வரி வருகிறது: தேடிப் பாருங்கள், ஃபிக்ஸ் எடுத்தால் மிச்சம் பிடிக்கலாம். எரிவாயு விலை கட்டாரிலும் நோர்வேயிலும் உக்ரேன் போர்முனையிலும் தீர்மானமாகிறது. எரிவாயு மின்நிலையங்கள் அடிக்கடி விலையை நிர்ணயிப்பதால் மின்சாரமும் அதன் பின்னாலேயே போகிறது. அடுத்த வருஷ விலையை ஊகிக்கக் கம்பனிகளிடம் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், மாதக்கணக்கில் முன்கூட்டியே வாங்கியும் வைத்திருக்கிறார்கள். அன்ரியிடம் ஒரு கண்ணாடியும் அந்தக் கடிதமும்தான் இருக்கின்றன. இதற்குப் பெயர் தெரிவு என்றால், சீட்டைப் பார்த்துவிட்டு ஆடுகிறவனோடு கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவதையும் தெரிவு என்றுதான் சொல்லவேண்டும்.

ஃபிக்ஸ் கூடாது என்பதல்ல என் வாதம். மட்டுமட்டான வருமானத்தில் இருப்பவர் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது விலையை நிறுத்திவைப்பது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் எவ்வளவு கூட என்று தெரிந்து கொடுக்கவேண்டும். ஃபிக்ஸ் கடிதம் எதுவானாலும் முதற்பக்கத்திலேயே, கம்பனியின் அலகு விலையும் நிலைக்கட்டணமும் அந்த வட்டாரத்து உச்சவரம்பும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். அறவீட்டுத் தொகையும் அங்கேயே. கடைசி 49 நாளில் அறவீடில்லாமல் மாறலாம் என்ற உங்கள் நல்ல விதியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்; அதை அறிந்தவரை நான் அதிகம் கண்டதில்லை.

முற்பண மீற்றர்காரரைப் பற்றி என்ன சொல்ல? கடையில் சாவியைக் கொடுத்து ரொப் அப் செய்கிறவர்களுக்கு ஃபிக்ஸ் என்ற பேச்சே அரிது. விலை ஏறினால் முதலில் இருட்டுக்குள் போகிறவர்களுக்கு விலையை நிறுத்திவைக்க வழியில்லை. தேடிப் பாருங்கள் என்ற அந்த வரி அவர்களுக்கு எழுதப்பட்டதே அல்ல.

2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், 2026 ஏப்ரலிலிருந்து எரிசக்தி பில் சராசரி 150 பவுண் குறையும் என்று நிதியமைச்சர் சொன்னார். இப்போது ஃபிக்ஸ் எடுக்கிறவருக்கு அதில் எவ்வளவு வந்துசேரும் என்பதை ஒவ்வொரு கம்பனியும் தன் கடிதத்திலேயே எழுதிக் கொடுக்கட்டும். வாயால் சொல்வது போதாது.

அடுத்த உச்சவரம்பையும் அறிவிப்பீர்கள். அந்த அறிவிப்பின் தலைப்பில், வழமையான எண்ணுக்குப் பக்கத்தில், மின்சாரம் மட்டும் பாவிக்கிற வீட்டுக்கான எண்ணையும் போடுங்கள். இதற்குப் பாராளுமன்றச் சட்டம் வேண்டாம், ஆலோசனைச் சுற்றும் வேண்டாம். கணக்கு உங்களிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு பாவனையாளர்